வெங்காயத்தை உரித்தால் என்ன கிடைக்கும்?

கேள்வி: பிங்க் ஃபிளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழுவின் ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ இசைத்தட்டு உருவான கதையைச் சொல்லும் 2003ஆம் ஆண்டு ஆவணப்படத்தை நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து பார்த்தோம். கல்லூரிக் காலத்திலிருந்தே பிங்க் ஃபிளாய்ட் பைத்தியங்கள் நாங்கள். படம் முடிந்ததும் பாதிப் பேருக்கு ஏமாற்றம். பாட்டை வெங்காயம் மாதிரி உரித்துப் போட்டுவிட்டார்கள், இனிப் பழையபடி கேட்க முடியாது என்கிறார்கள். நீங்கள் யார் பக்கம்?
– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: யார் பக்கம் என்பது இருக்கட்டும். முதலில் அந்த வெங்காயம். ஈரோட்டுப் பெரியார் வாயில் அடிக்கடி வந்த சொல் அது. உரிக்க உரிக்க உள்ளே ஒன்றும் இருக்காது என்று சொல்லிச் சொல்லி, தமிழ்நாடு முழுக்க வெங்காயம் என்றால் வெத்து விஷயம் என்று ஆகிப்போனது. பெரியாரிடம் எனக்கு எவ்வளவோ மரியாதை உண்டு. இந்த ஒன்றில் மட்டும் உடன்பாடு இல்லை. உரித்துப் போட்ட ஒவ்வொரு ஏடும்தானே வெங்காயம்? உள்ளே கொட்டை தேடுகிறவருக்குத்தான் ஏமாற்றம். பல்லடம், பொங்கலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் வைக்கிற காட்டுக்குப் போய்ப் பாருங்கள். விதைக்கு எடுத்து வைத்த ஒரு காயை ஊன்றினால் கொத்தாக ஐந்தாறு பிடிக்கும். காயவைத்து, தரையில் படாமல், நாலு பக்கமும் காற்றுப் புகுந்து போகிற மாதிரி பட்டறை போட்டு, விலை வருகிற வரை மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். அந்தச் சரக்கை ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பாட்டும் அப்படித்தான். அந்த இசைத்தட்டில் வரும் ‘மணி’ (பணம்) பாட்டின் தொடக்கத்தில் கல்லாப்பெட்டிச் சத்தமும் சில்லறைச் சத்தமும் தாளமாக வருகிறதே, அது ஏழு துண்டு ஒலிநாடாவை அளந்து வெட்டி, வளையமாக ஒட்டிச் சுழலவிட்டது. குழுவில் ஒருவரான ரோஜர் வாட்டர்ஸ் சில்லறையை எறிந்தது, அவர் மனைவி மண்பாண்டம் செய்ய வைத்திருந்த பெரிய கிண்ணத்தில். ஏழு எண்ணிக்கை, நம் மிஸ்ர சாபு தாளம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த நடை உடனே பிடித்துப்போகும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பாட்டை இரண்டு மடங்கு கேட்டிருக்கிறேன். உங்கள் நண்பர்களுக்குப் போய்விட்டது என்கிற மாயம் எனக்குக் கூடித்தான் இருக்கிறது.

உரித்ததில் எனக்குக் குறையே இல்லை. உரித்தால் ஆட்கள் தெரிவார்கள். அந்த இசைத்தட்டின் கடைசியில், நிலாவுக்கு இருண்ட பக்கம் என்று ஒன்று கிடையாது, உண்மையில் முழுவதுமே இருட்டுதான் என்று ஒரு குரல் பேசுகிறது. அது, பாட்டுகளைப் பதிவு செய்த அபே ரோடு ஸ்டுடியோவின் வாயிற்காவலர் குரல். அப்புறம் கிளேர் டோரி என்ற பாடகி. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்கள், வந்தார். சாவைப் பற்றிய பாட்டு, ஆனால் பாட வார்த்தை கிடையாது. ஒரு சொல்லும் இல்லாமல் அப்படியே கதறிக் கொட்டிவிட்டுப் போனார். கூலி 30 பவுண்டு. பொன்னர்-சங்கர் அண்ணமார் கதையில், படுகளத்தில் செத்துக் கிடக்கும் அண்ணன்களைப் பார்த்துத் தங்கை தங்காள் அழுகிற இடம் எப்போதும் எனக்கு அந்தக் குரலோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். உறையில் பாடகி என்று அவர் பெயர் இருந்தது. மெட்டுக்கு உரிமை குழுவின் ரிச்சர்ட் ரைட் ஒருவருக்கே. 30 வருஷம் கழித்து வழக்குப் போட்டு, 2005இல் சமரசம் ஆன பிறகுதான் டோரியின் பெயரும் இசையமைத்தவராக ஏறியது.

நம் கோவையில் இதே விஷயம் வேறு மாதிரி நடந்தது. 1948இல் வந்த ‘அபிமன்யு’ படத்தில் இசையமைப்பாளர் எஸ்.எம். சுப்பையா நாயுடு பெயரில் வந்த ஒரு மெட்டு, அவரிடம் உதவிக்கு இருந்த எம்.எஸ். விஸ்வநாதன் போட்டது. படம் எடுத்த ஜூபிடர் கம்பெனி கோவையை விட்டுச் சென்னைக்குக் கிளம்பியபோது, நாயுடுவே அதை முதலாளிகளிடம் எடுத்துச் சொல்லி, இந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். வழக்கும் இல்லை, வக்கீலும் இல்லை. நாயுடுவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் கலங்கும்.

சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவிலும், ‘மலைக்கள்ளன்’ எடுத்த பட்சிராஜா ஸ்டுடியோவிலும் ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்திருந்தவர்களை வைத்து இப்படி ஒரு படம் எடுக்காமல் விட்டுவிட்டோமே என்பதுதான் என் ஆற்றாமை. என்னிடம் அண்ணமார் சாமி உடுக்கையடிப் பாட்டுக் கேசட்கள் பதினொன்று இருக்கின்றன. அட்டையில் கோயில் பெயர் இருக்கிறது, வெளியிட்ட கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன. பாடினவர் பெயர் ஒன்றில்கூட இல்லை. பம்பை அடித்தவர் பெயரைக் கேட்கவே வேண்டாம்! நாட்டுப்புறப் பாட்டு ஊர்ச் சொத்து, அதற்குத் தனி ஆள் கிடையாது என்று ஒரு பேராசிரியர் என்னோடு வருஷக்கணக்காகச் சண்டை போடுகிறார். ஐயா, ஊர்ச் சொத்து கதை. விடிய விடியத் தொண்டை கட்டினது ஒரு ஆளுக்கு. அந்த ஆளுக்குப் பெயர் உண்டு.

உங்கள் எட்டுப் பேரில் யார் வீட்டுப் பரணிலாவது அப்படிக் கேசட் கிடந்தால் எடுத்துப் போட்டுக் கேளுங்கள். பாடுகிறவர் இன்னார் என்று ஊரில் பெரியவர்கள் குரலை வைத்தே சொல்லிவிடுவார்கள். ஊர், பெயர், பக்கவாத்தியக்காரர் பெயர் எல்லாம் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இதே பக்கத்தில் போடுகிறேன்.