தினமும் ஒரு டாரட் கார்டு எடுத்துப் பார்த்தால் மனசு லேசாகுமா?

ஆகும், படம் போட்ட இந்தச் சீட்டை ஜோசியம் கேட்க எடுக்காத வரையில். "இன்றைக்கு என்ன நடக்கும்?" என்று கேட்டுக்கொண்டே எடுத்தால், வாள் படம் வந்ததுமே அன்றைய பொழுதே பாழாகிவிடும். நான் காலையில் ஒரு கார்டை எடுத்து, காபி குடித்து முடிக்கும்வரை அந்தப் படத்தைப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

டாரட் பிறந்ததே விளையாட்டாகத்தான். 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஆடிய சீட்டாட்டம் அது. அதை வைத்துக் குறி சொல்வது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில்தான் பரவியது. என்னிடம் இருப்பது 1909இல் லண்டனில் வெளியான ரைடர்-வெயிட் கட்டு. அதன் 78 கார்டுகளையும் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். அவர் படங்களில் ஆட்கள் இருக்கிறார்கள், ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் பார்க்கப் பார்க்க அலுப்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஐந்து கிண்ணங்கள் கார்டு. கறுப்பு அங்கி போர்த்திய ஒருவர் தலைகுனிந்து நிற்கிறார். முன்னால் மூன்று கிண்ணங்கள் கவிழ்ந்து கிடக்கின்றன. முதுகுக்குப் பின்னால் இரண்டு நிமிர்ந்து நிற்கின்றன, அவர் கண்ணில் அவை படவில்லை. இது வரும் நாளில், எனக்கு நிற்கும் இரண்டு கிண்ணங்கள் எவை என்று நோட்டில் எழுதுவேன். நம்பியிருந்த வேலை கைநழுவிய வாரத்தில் ஒருநாள் இதுவே வந்தது. "இந்த மாத வாடகை கட்டியாயிற்று. அம்மா போனில் சிரித்தாள்" என்று எழுதினேன். போன வேலை போனதுதான், அதை இல்லை என்று நடிக்கத் தேவையில்லை. கவிழ்ந்த மூன்றும் அதே படத்தில்தானே இருக்கின்றன!

அப்புறம், 'முட்டாள்' கார்டு. பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மலை விளிம்பில் அண்ணாந்து பார்த்தபடி ஒரு இளைஞன், கையில் வெள்ளை ரோஜா, காலடியில் துள்ளும் நாய்க்குட்டி. அவன் தோள் மூட்டை எவ்வளவு சின்னது, பாருங்கள். அது வந்தால் அன்றைக்கு ஒரு கவலையை மட்டுமாவது தள்ளிவைப்பேன்.

பிடிக்காத கார்டு வந்தால் திரும்பக் குலுக்காதீர்கள், வந்ததையே பாருங்கள். கட்டு வாங்கும்போது எல்லாக் கார்டிலும் காட்சி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய மார்சேய் வகையில் எண் கார்டுகளில் வெறும் கிண்ணம், வாள் போன்ற சின்னங்கள்தான் இருக்கும், இந்தப் பழக்கத்துக்கு அது சரிவராது.