லோவா, லேயா? விடை உங்கள் தமிழிலேயே இருக்கிறது

கேள்வி: ஸ்பானிஷ் மொழித் திறனுக்கான தேலே தேர்வில் ஏ2 நிலைக்குப் படிக்கிறேன். லோ, லா, லே மூன்றில் எதை எங்கே போடுவது என்று ஒவ்வொரு தடவையும் தடுமாறுகிறேன். பயிற்சி மையத்தில் ஓர் அட்டவணையைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். தேர்வுக்கும் அவர்கள் மூலமாகத்தான் பதிய வேண்டுமாம், தனிக் கட்டணமாம். என்ன செய்வது?

பதில்: அந்த அட்டவணையை மூடி வையுங்கள். அது ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்காகப் போட்டது. ஆங்கிலத்தில் ‘ஹிம்’ என்ற ஒரே சொல்தான் ‘அவனை’க்கும் ‘அவனுக்கு’க்கும். நமக்கு இரண்டும் வேறு வேறு. ‘ஐ’ வந்தால் லோ அல்லது லா. ‘கு’ வந்தால் லே. அவனைப் பார்த்தேன்: லோ வி. அவளைப் பார்த்தேன்: லா வி. அவளுக்குப் புத்தகத்தைக் கொடுத்தேன்: லே தி எல் லிப்ரோ. ‘எனக்குக் காபி பிடிக்கும்’ கூட அப்படியே வரும்: மே குஸ்தா எல் காஃபே. கையில் இருப்பதை விட்டுவிட்டு ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்கிறார்களே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

தமிழர் உண்மையில் சறுக்கும் இடம் வேறு. “சாவியைப் பார்த்தியா?” என்றால் “பார்க்கலையே” என்போம், ‘அதை’ என்று சொல்லவே மாட்டோம். ஸ்பானிஷில் அதை விழுங்க முடியாது. சாவிகள், யாவெஸ், பெண்பால் பன்மை. ஆகவே, நோ லாஸ் எ விஸ்தோ. அந்த ‘லாஸ்’ இல்லாவிட்டால் கேட்பவருக்கு வாக்கியம் பாதியில் நின்றதுபோல் இருக்கும். என் வகுப்பில் நான் அதிகம் திருத்துவது இந்த விடுபடலைத்தான்.

இன்னொன்றை நிதானமாகப் படியுங்கள். ‘அவளுக்கு அதைக் கொடுத்தேன்’ என்றால் லே, லோ இரண்டும் வேண்டும். ஆனால் ‘லே லோ’ என்று ஸ்பானிஷில் வராது. லே அங்கே ‘செ’ ஆகிவிடும்: செ லோ தி. அவனுக்கு, அவளுக்கு, உங்களுக்கு, அவர்களுக்கு, எல்லாவற்றுக்கும் அதே செ. பன்மை லெஸ்ஸும் செதான். மே (எனக்கு), தே (உனக்கு) மாறாது: மே லோ தியோ, எனக்கு அதைக் கொடுத்தான். வரிசையைக் கவனித்தீர்களா? செ என்றால் அவளுக்கு, லோ அதை, தி கொடுத்தேன். சொல்லுக்குச் சொல் தமிழ் வரிசையேதான். குழம்பும்போது தமிழ் வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டு அதே வரிசையில் போடுங்கள்.

‘கொடு’ என்பது போன்ற ஏவலில் இவை வினைக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும்: தாமேலோ, எனக்கு அதைக் கொடு.

பதிவு விஷயத்துக்கு வருகிறேன். தேலே தேர்வை நடத்துவது ஸ்பெயின் அரசின் மொழி நிறுவனமான இன்ஸ்திதூதோ செர்வாந்தெஸ். அவர்கள் இணையதளத்தில் நீங்களே பதியலாம், கட்டணத்தையும் நேரே கட்டலாம். இடையில் ஒருவர் கைநீட்ட வேண்டிய அவசியமே இல்லை. ‘எங்கள் மூலம் வந்தால் பாஸ் நிச்சயம்’ என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஏ2 சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது; ‘புதுப்பித்துத் தருகிறோம்’ என்று பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மையம் கேட்கும் அந்தத் தனிக் கட்டணத்தை, ஸ்பானிஷ் பேசும் ஒருவரோடு வாரம் ஒரு மணி நேரம் பேசிப் பழகச் செலவிடுங்கள். முதல் நாள் பாடமாகச் சாவி, குடை, பால் பாக்கெட் என்று வீட்டில் இருப்பதை ஒவ்வொன்றாக அவர் கேட்கட்டும். ‘பார்த்தேன்’, ‘வாங்கினேன்’ என்று நீங்கள் பதில் சொல்லும்போது லோவோ லாவோ விட்டுப்போனால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.