கொத்தும் கருப்பி, ஒதுங்கும் வெள்ளச்சி

கேள்வி: வீட்டுப் பின்புறம் ஆறு பெட்டைக்கோழிகள் வளர்க்கிறேன். எல்லாம் ஒரே வயது, ஒன்றாக வளர்ந்தவை. கருப்பி தீவனத் தட்டை வைத்ததுமே மற்றதையெல்லாம் கொத்தி விரட்டுகிறது. வெள்ளச்சி ஒதுங்கியே நிற்கிறது. செவலை என் காலையே சுற்றி வருகிறது. கோழிக்குக் கோழி குணம் மாறுமா? கருப்பியை விற்றுவிடச் சொல்கிறார்கள். விற்கலாமா?

பதில்: குணம் மாறும், சந்தேகமே வேண்டாம். ஆனால் கருப்பி செய்வது குணத்தைவிடப் பதவியைச் சேர்ந்தது. யார் யாரைக் கொத்தலாம் என்று கோழிக் கூட்டத்தில் ஒரு வரிசை உண்டு. நார்வே விலங்கியலாளர் ஷெல்டெரப்-எப்பே 1920-களின் தொடக்கத்திலேயே இதை விரிவாக எழுதிவிட்டார். முதலிடத்தில் இருப்பதை விற்றால் அந்த இடம் காலியாகவா இருக்கும்? மிச்சமிருக்கும் ஐந்தும் அதற்காகப் புதிதாகச் சண்டை போடும். அதனால் இப்போதைக்கு விற்க வேண்டாம்.

எது குணம் என்று பார்க்க ஆசையாக இருந்தால், அவை இதுவரை பார்க்காத ஒரு வாளியை முற்றத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். ஒன்று கழுத்தை நீட்டி, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணால் பார்க்கும். அப்புறம் தலையைத் திருப்பி அடுத்த கண்ணால். ஒன்று நேராகப் போய்க் கொத்திப் பார்க்கும். ஒன்று மூலைக்கு ஓடிவிடும். முதலில் போவது கருப்பியாகத்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டாதீர்கள். தட்டில் அதிகாரம் செய்யும் கோழி புதுப் பொருளைக் கண்டு பம்முவதும் உண்டு.

செவலைக்கு உங்கள் கையில் தீனி வருகிறது, பயமும் விட்டுப்போயிருக்கிறது; சுற்றத்தான் செய்யும். நீங்கள் குனிந்து கை வைத்ததும் இறக்கையை லேசாக விரித்துத் தரையோடு படுக்கிறதா? அதைப் பாசம் என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறைய. முட்டையிடும் பருவத்துப் பெட்டை சேவலுக்குப் பணிவது அப்படித்தான். சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும், என்ன செய்ய.

எனக்குக் கவலை வெள்ளச்சியைப் பற்றித்தான். ஒதுங்கி நிற்கும் கோழியை ‘சாது’ என்று விட்டுவிடுவது ஆபத்து. உடம்பு சரியில்லாத கோழி அதை முடிந்தவரை வெளியே காட்டாது. நமக்குத் தெரியும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும். இரவு கூட்டில் அடைந்த பிறகு, கழுத்துக்குக் கீழே மார்பின் வலப்பக்கம் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நிறைந்திருந்தால் சாப்பிடுகிறது என்று அர்த்தம். காலையில் தீவனம் வைக்கும் முன் மறுபடி தொடுங்கள். அப்போது காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கல்லாகவோ, தண்ணீர் நிறைந்த பலூன் போலவோ இருந்தால் தீனிப்பையில் கோளாறு. கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

இரவிலேயே காலியாக இருந்தால், மறுநாள் வெள்ளச்சியைத் தனியாக விட்டுத் தீவனம் வையுங்கள். அவசர அவசரமாகத் தின்றால் பசியில் கிடந்திருக்கிறது. மற்றவை விடவில்லை, அவ்வளவுதான். தனியாக வைத்தும் தொடவில்லை, கொண்டை வெளுத்திருக்கிறது, வால் தொங்குகிறது, இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி மூடித் திறக்கிறது என்றால் அது நோய். ஒருவேளை இறகு உதிர்கிற நேரமாகவும் இருக்கலாம். அந்தச் சமயத்தில் தைரியமான கோழிகூட ஒதுங்கித்தான் நிற்கும், இறகு முளைத்ததும் சரியாகிவிடும்.

பசிதான் காரணம் என்றால் தீர்வு சுலபம். ஒரு தட்டுக்குப் பதில் மூன்று வையுங்கள், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி. கருப்பியால் ஒரே நேரத்தில் மூன்றையும் காவல் காக்க முடியாது. தண்ணீரும் இரண்டு இடத்தில் இருக்கட்டும். முற்றத்தில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் துரத்தப்படும் கோழி மறைந்துகொள்ளும். அடையும் கம்பில் கோழிக்கு 20 செ.மீ. இடமாவது வேண்டும்.

தலையில் ஒரு கொத்து, ஒரு விரட்டல், அதோடு முடிந்தது என்றால் தலையிடாதீர்கள். ரத்தம் வந்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது. சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகளும் அதே இடத்தில் கொத்த ஆரம்பிக்கும். காயம்பட்டதை உடனே பிரித்து வையுங்கள், ஆறிய பிறகு சேர்க்கலாம். கருப்பியையும் நான்கைந்து நாள் மற்றவற்றின் கண்ணில் படாத இடத்தில் அடைத்து வையுங்கள். திரும்பி வரும்போது அது புதுக்கோழி மாதிரி. பழைய அதிகாரம் பெரும்பாலும் குறைந்திருக்கும். அதற்குப் பிறகும் ஒரே கோழியைத் தேடித் தேடி ரத்தம் வரக் கொத்தினால், அப்போது விற்றுவிடுங்கள்.

விற்ற கையோடு அந்த இடத்துக்கு ஒரே ஒரு கோழியை வாங்கிவந்து விடாதீர்கள். ஐந்தும் சேர்ந்து அதைப் பாடாய்ப் படுத்திவிடும். வாங்கினால் இரண்டாக வாங்குங்கள். முதலில் சில வாரம் தள்ளி வைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகு, ஒன்றிரண்டு வாரம் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வைத்துப் பழக்கி, அப்புறம் கூட்டத்தோடு விடுங்கள்.