எந்த மேஜர், எந்த வகுப்பு முதலில்? – வாசகர் கேள்வி பதில்

கல்லூரியில் எந்த மேஜர், அதாவது எந்த முதன்மைப் பாடம், எடுப்பது என்று கேட்டு இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உளவியலைப் பற்றியவை. மீதியில் பல, ஆசிரியராக நினைப்பவர்கள் எழுதியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலாகத் தருகிறேன்.

கே: சமூக அறிவியலில் எது பெஸ்ட்? நாளைக்குக் கடைசி நாள், உடனே சொல்லவும்.

எதற்கு பெஸ்ட் என்று நீங்கள் எழுதவில்லை. எதில் ஆர்வம், இதுவரை என்ன படித்தீர்கள், கணக்கு எப்படி வரும் என்று ஒரு விவரமும் இல்லை. மூன்று நான்கு ஆண்டுகளைத் தீர்மானிக்கும் விஷயத்தை முந்தைய நாள் இரவு ஒரு வரியில் கேட்டால் யாராலும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது. முதலாண்டில் மேஜரை அறிவிக்காமல் இருக்க உங்கள் கல்லூரி அனுமதித்தால், ‘முடிவாகவில்லை’ என்றே எழுதிக் கொடுங்கள். அனுமதிக்காவிட்டால், எந்தத் துறையிலிருந்து வேறு துறைக்கு மாறுவது எளிது என்று அலுவலகத்தில் கேட்டு, அதில் சேருங்கள். சேர்ந்த கையோடு பாடத்திட்டத்தை முழுவதும் படியுங்கள்.

கே: உளவியலா, சமூகவியலா? இரண்டுமே மனிதர்களைப் பற்றித்தானே?

பொருளியல், அரசறிவியல், மானிடவியல் எல்லாமே மனிதர்களைப் பற்றித்தான். ஒரு பள்ளியில் பதினைந்து வயதுப் பிள்ளைகள் படிப்பை நிறுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உளவியல் படித்தவர் அந்தப் பிள்ளையின் ஊக்கம், கவனம், பதற்றம் இவற்றை அளக்கப் பார்ப்பார். சமூகவியல் படித்தவர், நின்றுபோனவர்களில் எந்த வர்க்கத்தார், எந்தப் பிரிவினர் அதிகம் என்று தேடுவார். மானிடவியலாளர் அந்த வீடுகளுக்கு மாதக்கணக்கில் போய் உட்கார்ந்து பேச்சைக் கேட்பார். பொருளியலாளர், இப்போது வேலைக்குப் போனால் கிடைக்கும் கூலியையும் படித்து முடித்தால் கிடைக்கும் சம்பளத்தையும் ஒப்பிடுவார். இவற்றில் எந்த வேலையைச் செய்ய உங்களுக்குக் கை துறுதுறுக்கிறதோ, அந்தத் துறைக்குப் போங்கள்.

இன்னும் தெளிவு வேண்டுமானால் பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897இல் வெளியிட்ட தற்கொலை பற்றிய ஆய்வைப் புரட்டிப் பாருங்கள். முழுக்க முழுக்கத் தனிமனித மனம் சார்ந்தது என்று நினைக்கப்பட்ட ஒன்றை எடுத்து, அதன் விகிதம் நாட்டுக்கு நாடு, மதத்துக்கு மதம் எப்படி வேறுபடுகிறது என்று காட்டினார். படிக்கும்போது ‘அந்த ஒரு மனிதருக்குள் என்ன நடந்தது?’ என்றே உங்களுக்குத் தோன்றிக்கொண்டிருந்தால் நீங்கள் உளவியல் பக்கம்.

கே: நான் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வகை, ‘விஷுவல் லேர்னர்’. எனக்கு ஏற்ற மேஜர் எது?

அந்த வகைப்பாட்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒருவரின் ‘கற்றல் பாணி’க்கு ஏற்பக் கற்பித்தால் அவர் நன்றாகக் கற்பார் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று உளவியலாளர்கள் 2008இலேயே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து எழுதிவிட்டார்கள்.

கே: பள்ளியிலிருந்தே கணக்கு எனக்கு வேப்பங்காய். அதனால்தான் சமூகவியல் எடுத்தேன். இங்கே புள்ளியியல் கட்டாயம் என்கிறார்கள். கடைசி ஆண்டுக்குத் தள்ளிப்போடலாமா? சீனியர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

தள்ளிப்போடாதீர்கள். முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். மாணவர்களுக்கு இவ்வளவு கெடுதல் செய்யும் யோசனை வேறு இல்லை. சீனியர்கள் சொல்வதையாவது புரிந்துகொள்ள முடிகிறது. மாணவர் கேட்டதும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுவிடும் ஆலோசகர்கள்மீது எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு.

இரண்டாம் ஆண்டிலிருந்து உங்களுக்கு ஆய்வுக் கட்டுரைகளைத்தான் படிக்கத் தருவார்கள். மாதிரி எடுப்பு, தொடர்பு, பிழை வரம்பு இவையெல்லாம் என்னவென்று தெரியாதவர் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்துவிட்டு, நடுவில் உள்ளதை நம்பிக் கடந்துபோக வேண்டியதுதான். அப்படி நம்பியதால் என்ன ஆனது என்பதும் தெரிந்ததே. உளவியலில் வெளியான சுமார் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் முந்தைய முடிவு கைகூடியது. பாடநூலில் அச்சாகிவிட்டது என்பதற்காக ஒன்று உறுதியாகிவிடுவதில்லை.

இன்னொன்று சொல்கிறேன், இது சமூகவியலுக்கே நேராகப் பொருந்தும். 1973இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புகளுக்கு 12,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். ஆண்களில் 44% பேருக்கு இடம் கிடைத்தது, பெண்களில் 35% பேருக்குத்தான். பாரபட்சம் என்று யாருக்கும் தோன்றும். துறை துறையாகப் பிரித்துப் பார்த்தபோது பெரும்பாலான துறைகளில் பெண்களுக்கு எதிரான சாய்வு தென்படவில்லை. இந்தத் துறைவாரி முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தால் பெண்கள் பக்கமே இலேசாகச் சாய்ந்திருந்தது. யார் விண்ணப்பித்தாலும் இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தார்கள், அவ்வளவுதான். அப்படியானால் அந்தத் துறைகளை நோக்கி அவர்களைத் திருப்பியது எது, அங்கே இடங்கள் ஏன் அவ்வளவு குறைவு? உண்மையான சமூகவியல் இங்கேதான் தொடங்குகிறது. எண்களைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் இந்தக் கேள்விக்கு வந்து சேரவே மாட்டார்.

பயத்துக்கு வருவோம். அறிமுகப் புள்ளியியலுக்குச் சதவீதம், பின்னம், எளிய இயற்கணிதம் போதும். நுண்கணிதம் கேட்கமாட்டார்கள். பெரிய கணக்கை மென்பொருள் செய்யும், விடை என்ன சொல்கிறது என்று நீங்கள் சொல்ல வேண்டும். இரண்டாவது அல்லது மூன்றாவது செமஸ்டரில் எடுங்கள். அதே செமஸ்டரில் இன்னொரு கனமான பாடம் வேண்டாம். அது முடிந்ததும் இடைவெளி விடாமல் ஆய்வு முறையியல். முன்கூட்டி எடுத்தால், தேறாமல் போனாலும் மறுபடி எழுத நேரம் இருக்கும். பேராசிரியர்கள் ஆய்வு உதவிக்கு ஆள் தேடும்போது இந்த இரண்டும் முடித்தவர்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். கடைசி ஆண்டுக்குத் தள்ளியவருக்கு அந்த வாய்ப்பும் போய், ஆய்வேடு எழுதும்போதுதான் சராசரி என்றால் என்ன என்று படிக்க நேர்கிறது.

‘எண்ணே வேண்டாம், நேர்காணல் வைத்துச் சமாளித்துக்கொள்கிறேன்’ என்று எண்ணுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு மணி நேர நேர்காணலை எழுத்தில் இறக்க நாலைந்து மணி நேரம் ஆகும். அதன் பிறகுதான் ஆய்வே தொடங்குகிறது. சோம்பலுக்கு ஒதுங்கும் இடமாக அதை நினைக்காதீர்கள்.

கே: ஆசிரியராக வேண்டும் என்பது லட்சியம். கல்வியியலையே மேஜராக எடுப்பதா, ஒரு பாடத்தில் பட்டம் பெற்றுப் பிறகு கற்பித்தல் பயிற்சியா?

எந்த வயதுப் பிள்ளைகளுக்கு என்று எழுதாமல் இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள், பதில் அதைப் பொறுத்தே மாறும். தொடக்க வகுப்பு என்றால் கல்வியியல் மேஜர். வாசிப்பு எப்படி வருகிறது, எண் உணர்வு எப்படி வளர்கிறது என்பதே அங்கே தனிப் படிப்பு. மேல்நிலை வகுப்பு என்றால் பாடத்தில் ஆழம் வேண்டும், பட்டம் அதில் இருப்பது நல்லது.

ஆனால் பாடம் தெரிந்தால் மட்டும் போதாது. அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986இல் இதை அழுத்திச் சொன்னார்: பாடத்தை அறிவது வேறு, அந்தப் பாடத்தைக் கற்பிப்பதற்கென்றே தேவைப்படும் அறிவு வேறு. 0.6ஐவிட 0.45 பெரியது என்று ஒரு பிள்ளை சொன்னால், கணிதப் பட்டதாரி தவறு என்று திருத்துவார். 45 என்பது 6ஐவிடப் பெரிது என்ற முழு எண் பழக்கத்திலிருந்து அது வந்தது என்று நல்ல ஆசிரியருக்குத் தெரியும், அங்கிருந்து தொடங்குவார்.

எந்த வழியானாலும் முதலாண்டு முடிவதற்குள் ஒரு வகுப்பறையில் பின்வரிசையில் உட்கார்ந்து முப்பது நாற்பது மணி நேரம் பாருங்கள். பயிற்சிக் கற்பித்தல் பெரும்பாலும் படிப்பின் இறுதியில் வருகிறது. வகுப்பறை நமக்கு ஒத்துவராது என்று அப்போது தெரிந்தால் மாறுவது கடினம்.

கே: உளவியல் இளநிலை முடித்ததும் ஆலோசகராக வேலை செய்யலாமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான நாடுகளில் முதுநிலைப் பட்டம், மேற்பார்வையில் பயிற்சி, பிறகு உரிமம் அல்லது பதிவு. நீங்கள் இருக்கும் இடத்தின் விதியை இப்போதே படியுங்கள். எந்தெந்த இளநிலைப் பாடங்களை முதுநிலைச் சேர்க்கையில் கேட்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். புள்ளியியல் அநேகமாக அந்தப் பட்டியலில் இருக்கும்.

கே: மகள் மானிடவியல் எடுக்கிறேன் என்கிறாள். வேலை கிடைக்குமா? எப்படி மனதை மாற்றுவது? (ஒரு தந்தை)

ஐயா, மனதை மாற்றும் வழியை நான் சொல்ல மாட்டேன். ‘மானிடவியலாளர் தேவை’ என்று விளம்பரங்கள் அதிகம் வராது, உண்மைதான். பொதுச் சுகாதாரம், வளர்ச்சித் திட்டங்கள், அருங்காட்சியகம், பயனர் ஆய்வு (ஒரு பொருளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பது) என்று வேறு பெயர்களில் வேலை இருக்கிறது. அங்கெல்லாம் பட்டத்தின் பெயரைவிட, இன்ன களப்பணி செய்தேன், இன்ன அறிக்கை எழுதினேன் என்று காட்டுவது எடுபடும். மகளிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: முதல் இரண்டு ஆண்டில் களப்பணிப் பாடம் இருக்கிறதா, புள்ளியியலைத் துணையாக எடுக்க முடியுமா? பதிலோடு வந்தால் அவர் யோசித்துத்தான் முடிவெடுத்திருக்கிறார்.

கே: முதல் செமஸ்டரில் உளவியல், சமூகவியல், பொருளியல், அரசறிவியல், கல்வியியல் ஐந்துக்கும் அறிமுக வகுப்பு எடுக்கலாமா?

வேண்டாம். இரண்டு போதும். மூன்றாவதாகக் கட்டுரை எழுதப் பழக்கும் வகுப்பு ஒன்று, நான்காவதாகக் கணிதம் சார்ந்த ஒன்று.

கே: இரட்டை மேஜர் நல்லதா?

இரண்டுக்கும் பொதுவான பாடங்கள் நாலைந்தாவது இருந்தால் சரி. விண்ணப்பத்தில் எடுப்பாகத் தெரியும் என்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம்.

கே: பொருளியலில் இரண்டாம் ஆண்டு. ஆர்வம் அரசறிவியலுக்குப் போய்விட்டது. மாறினால் இரண்டு ஆண்டும் வீண்தானே?

வீண் இல்லை. அமெரிக்க அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரம் படித்துப் பட்டம் பெற்றது அரசறிவியலில். 2009இல் அவருக்குக் கிடைத்தது பொருளியலுக்கான நோபல் பரிசு. மேய்ச்சல் நிலம், பாசன நீர், மீன்வளம் போன்ற பொதுச் சொத்துகளை மக்கள் தாங்களே விதி வகுத்து எப்படிக் காக்கிறார்கள் என்ற கேள்வியை அவர் விடவில்லை. அது எந்தத் துறை என்பது இரண்டாம் பட்சமாகிவிட்டது. நீங்கள் படித்த நுண்பொருளியலும் புள்ளியியலும் அரசறிவியலிலும் தினமும் பயன்படும்.

மாறுவதற்கு முன் புதிய துறையின் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்து, முடித்த பாடங்களில் எவை அங்கே செல்லும், எவை விருப்பப் பாடமாக மட்டும் கணக்கில் வரும் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு செமஸ்டர் கூடுதலாக ஆகலாம். ‘எல்லாம் சேரும்’ என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கிரெடிட் கணக்கை எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.