பலகை ஒன்றுக்கு எத்தனை நிமிடம்? – தொழில் கேள்வி பதில்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் பைன்டவுனில் சிறிய பட்டறை வைத்து, மின்சுற்றுப் பலகைகளில் பாகங்களைப் பொருத்திக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். அண்மையில் 200 பலகைகளுக்கு விலை கேட்டார்கள். ஒவ்வொன்றிலும் பரப்பில் ஒட்டும் பாகங்கள் 140, அவை 38 வகை. துளையில் செருகும் காலுள்ள பாகங்கள் 9. என் இயந்திரம் மணிக்கு 8,000 பாகங்களைப் பொருத்தும் என்று அதன் கையேடு சொல்கிறது. ஆகவே இயந்திரத்துக்கு மூன்றரை மணி, கைவேலைக்கு அரை நாள் என்று கணக்கிட்டு விலை சொன்னேன். வேலை முடிய மூன்று நாளாயிற்று, கைக்காசும் போயிற்று. எங்கே தவறினேன்? – பைன்டவுன் வாசகர்

பதில்: ஐயா, உங்கள் கணக்கில் பிழையில்லை, 28,000 பாகங்களை 8,000ஆல் வகுத்தால் மூன்றரைதான் வரும். கையேட்டில் அச்சிட்ட வேகத்தை அப்படியே எடுத்துக்கொண்டது முதல் தவறு. ஒரே அளவுள்ள சிறு பாகங்களை, இயந்திரத்துக்கு வசதியான இடத்தில் வைத்த பலகையில், இடையில் எங்கும் நிற்காமல் பொருத்திக் காட்டி எடுக்கும் எண் அது. உங்கள் பலகையில் பெரிய ஐ.சி. (பல கால்களுள்ள சில்லு) வரும்போது, பாகத்தை உறிஞ்சி எடுக்கும் மூக்கான நாசில் மாற வேண்டும், கேமராவின் மேல் நின்று கால்களைச் சரிபார்க்க வேண்டும், பிறகு பலகையின் கோடி வரை போய்த் திரும்ப வேண்டும். நான் பார்த்த பட்டறைகளில் கையேட்டு வேகத்தின் 60 விழுக்காடு கிடைத்தாலே நல்ல நாள் என்பார்கள். அப்படிப் பார்த்தால் பாகம் ஒன்றுக்கு 0.45 விநாடி என்பது 0.75 விநாடியாகிறது, 140 பாகங்களுக்கு 105 விநாடி. பலகை உள்ளே வந்து நிற்கவும், அதன் குறியீட்டுப் புள்ளிகளை இயந்திரம் படிக்கவும், வெளியே போகவும் 12 விநாடி சேர்த்தால் 117 விநாடி. இருநூறு பலகைகளுக்கு ஆறரை மணி. பாகங்கள் நாடாவில் சுற்றி வரும் ரீல் தீர்ந்து மாற்றுவது, நாசில் பாகத்தை எடுக்கத் தவறி இயந்திரம் நிற்பது ஆகியவற்றுக்குப் பத்து விழுக்காடு கூட்டினால் ஏழு மணியைத் தாண்டி 429 நிமிடமாகிவிடும்.

பாகங்களைப் பலகையோடு இணைக்கும் உலோகமான சோல்டரின் பசையை (பேஸ்ட்) அச்சிடும் நேரத்தையும், அதை உருக்கும் அடுப்பில் பலகை போகும் நேரத்தையும் இதோடு கூட்ட வேண்டுமா என்று பலர் குழம்புவதுண்டு. கூட்ட வேண்டியதில்லை. இயந்திரம் ஒரு பலகையில் பாகம் வைத்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் அடுத்த பலகைக்கு ஸ்டென்சில் என்னும் துளையிட்ட தகட்டின் வழியே பேஸ்ட் இழுக்கப்படுகிறது, முந்தைய பலகை அடுப்பில் போய்க்கொண்டிருக்கிறது. வரிசையில் மிக மெதுவான இடம் எதுவோ அதன் நேரமே வரிசை முழுவதற்குமான நேரம். அச்சிட 40 விநாடியும் பொருத்த 117 விநாடியும் ஆகும் உங்கள் பட்டறையில், இன்னும் வேகமான அச்சு இயந்திரம் வாங்கினாலும் ஒரு பலகைகூட அதிகமாக வராது.

இரண்டாவது தவறு பெரியது. முதல் பலகை உள்ளே போகும் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது என்பதை நீங்கள் கணக்கில் சேர்க்கவேயில்லை. 38 வகைப் பாகம் என்றால், ரீலிலிருந்து பாகத்தை இயந்திரத்துக்கு ஊட்டும் ஃபீடரும் 38. ரீலை எடுத்து, அதன் மேலுள்ள எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டு, ஃபீடரில் நாடாவைக் கோத்து, இயந்திரத்தில் ஏற்றி, முதல் பாகம் சரியாக எடுபடுகிறதா என்று பார்க்க, ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம் என்று வைத்தாலும் 114 நிமிடம். ஸ்டென்சிலைப் பொருத்துவது, நிரலைத் திருத்துவது, முதல் பலகையை அடுப்பிலிருந்து எடுத்து ஒவ்வொரு பாகமாகச் சரிபார்ப்பது ஆகியவற்றுக்கு ஒரு மணி நேரம். ஆக 174 நிமிடம். பலகையில் எத்தனை பாகம் என்பதைவிட எத்தனை வகைப் பாகம் என்பதே சிறு பட்டறையின் நேரத்தைத் தீர்மானிக்கிறது. விலை கேட்டு வருகிற பாகப் பட்டியலில் நான் முதலில் எண்ணுவது வரிகளின் எண்ணிக்கையைத்தான். நான்கு மதிப்பில் மின்தடைகள் இருந்து, சுற்றுக்குக் கேடின்றி அவற்றை இரண்டாகக் குறைக்கலாம் என்றால், வடிவமைத்தவரிடம் அதை வாய்விட்டுக் கேட்பதில் வெட்கமில்லை.

மூன்றாவது, அரை நாள் என்று நீங்கள் ஒதுக்கிய கைவேலை. ஒன்பது பாகங்களுக்கு 34 கால்கள் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். செருக ஒவ்வொன்றுக்கும் 6 விநாடியாக 54, சோல்டர் வைக்கக் காலுக்கு 4 விநாடியாக 136, மிஞ்சிய கால்களை நறுக்கி, துடைத்து, தட்டில் வைக்க 50. மொத்தம் 240 விநாடி, அதாவது பலகைக்கு நான்கு நிமிடம். இருநூறுக்கு 800 நிமிடம். தண்ணீர் குடிப்பதும் கழுத்தை நிமிர்த்துவதும் சோல்டர் இரும்பின் நுனியைச் சுத்தம் செய்வதும் வேலையின் பகுதிதான் என்பதால் 15 விழுக்காடு சேர்த்தால் 920 நிமிடம். ஒரே ஆள் செய்தால் பதினைந்து மணிக்கு மேல். 140 பாகங்களைப் பொருத்தும் இயந்திரம் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட, ஒன்பதே பாகங்கள் அதைப்போல் இரண்டு மடங்கு நேரத்தைத் தின்கின்றன. நீங்கள் பட்ட நட்டத்தின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

இனிச் சோதனையும் திருத்தமும். பலகைக்கு இரண்டு நிமிடம் பார்த்தாலும் 400 நிமிடம். ஒரு பலகையில் 450 சோல்டர் இணைப்புகள் இருந்து, பத்து லட்சம் இணைப்புகளில் நூறு மட்டுமே பழுதாகிறது என்று கொண்டாலும், ஏறத்தாழ நூறு பலகைகளுக்கு நான்கு ஐந்து பலகைகள் திரும்பி வரும். இருநூறில் ஒன்பது, ஒவ்வொன்றுக்கும் பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யக் கால் மணி என்றால் 135 நிமிடம். எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்: 174, 429, 920, 400, 135. மொத்தம் 2,058 நிமிடம், ஏறத்தாழ 34 மணி நேர உழைப்பு. இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்தாலும், முதல் பலகை வந்த பிறகே அடுத்தவர் தொடங்க முடியும் என்பதால், மூன்று நாள் ஆனதில் வியப்பில்லை.

விலைப்பட்டியலில் ஆயத்த வேலையைத் தனி வரியாகக் காட்டுங்கள். அந்த 174 நிமிடம் இருநூறு பலகைகளில் பகிர்ந்தால் பலகைக்கு 52 விநாடி. இதே வேலை இருபது பலகைகளுக்கு வந்தால் எட்டே முக்கால் நிமிடத்தை நெருங்கும். ஒரே பலகை விலையை இரண்டுக்கும் சொன்னீர்களானால், சின்ன ஆர்டர் வரும்போதெல்லாம் உங்கள் கையைக் கடிக்கும்.

கேள்வி: என் மகன் படிக்கும் கல்லூரியில் ஒரு தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டினார்கள். அடுப்பில் ஒரு பலகை ஐந்து நிமிடம் போகிறது என்றார்கள். ஆனால் அரை நிமிடத்துக்கு ஒரு பலகை வெளியே வருகிறது என்றும் சொன்னார்கள். இது எப்படி என்று அவன் கேட்கிறான், எனக்கும் விளங்கவில்லை. – லெனேசியா வாசகி

பதில்: அம்மா, தைப்பூசக் காவடியை நினைத்துப் பாருங்கள். ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை ஒவ்வொரு காவடிக்காரரும் நடக்க ஒரு மணி நேரம் ஆகலாம். ஆனால் கோயில் வாசலில் நிற்பவருக்குச் சில விநாடிக்கு ஒரு காவடி வந்துகொண்டேயிருக்கும். நடக்கும் நேரம் வேறு, அடுத்தடுத்து வரும் இடைவெளி வேறு. ரீஃப்ளோ அடுப்பும் அப்படித்தான். ஈயமில்லாத சோல்டர் ஏறத்தாழ 217 முதல் 220 பாகை செல்சியசில் உருகுகிறது. அதற்குமேல் ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை வைத்திருந்து, உச்சமாக 240 பாகையை ஒட்டிப் போய், பின் ஆறவிட வேண்டும். பலகைக்குச் சூடு மெல்ல ஏற வேண்டும் என்பதால் ஐந்து நிமிடத்தைக் குறைக்க முடியாது. ஆனால் அடுப்பின் ஊடே பலகைகளைச் சுமந்து நகரும் சங்கிலியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பலகைகள் நிற்கின்றன. 20 சென்டிமீட்டர் பலகைக்குப் பின் 5 சென்டிமீட்டர் இடம் விட்டு, நிமிடத்துக்கு 60 சென்டிமீட்டர் வேகத்தில் சங்கிலி நகர்ந்தால், 25 விநாடிக்கு ஒரு பலகை விழும். விலை கணக்கிடும்போது இந்த 25ஐயும், வாடிக்கையாளருக்கு முதல் பலகை எப்போது கிடைக்கும் என்று சொல்லும்போது ஐந்து நிமிடத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: கைவேலைப் பிரிவில் ஆறு பெண்களை மேற்பார்வை செய்கிறேன். புதிய பலகை வரும்போது நான் முதல் பலகையைச் செய்து நேரம் பார்த்து, அதைப் பெருக்கிச் சொல்வேன். மேலாளர் ‘எப்போதும் அதிகமாகச் சொல்கிறீர்கள்’ என்கிறார். – சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: மேலாளர் சொல்வதில் உண்மை இருக்கிறது, அம்மா, ஆனால் நீங்கள் குறைத்துச் சொல்லவும் அவசரப்பட வேண்டாம். விமான உற்பத்தியை ஆராய்ந்த டி.பி. ரைட் என்னும் பொறியாளர், எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் தேவைப்படும் உழைப்பு ஒரே விகிதத்தில் குறைந்துகொண்டே போவதை 1936இல் எழுதிக் காட்டினார். கை பழகப் பழக வேலை விரையும் என்று நம் பாட்டிமார் சொன்னதற்கு அவர் எண் கொடுத்தார், அவ்வளவுதான். உங்கள் பலகையில் ஒவ்வோர் இரட்டிப்புக்கும் நேரம் 85 விழுக்காடாகக் குறைகிறது என்று கொள்ளுங்கள். முதல் பலகைக்கு 12 நிமிடம் என்றால், இரண்டாவதற்கு 10.2, நான்காவதற்கு 8.7, எட்டாவதற்கு 7.4, பதினாறாவதற்கு 6.3, முப்பத்திரண்டாவதற்கு 5.3 நிமிடம். முதல் பலகையைப் பெருக்கினால் ஐந்நூறு பலகை ஆர்டரில் உங்கள் கணக்கு உண்மையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். ஆனால் பத்தே பலகை ஆர்டர் என்றால், பழகும் முன்பே வேலை முடிந்துவிடுவதால், உங்கள் கணக்கு உண்மையை விட்டு அவ்வளவு தூரம் போகாது.

முப்பது பலகைகளுக்குப் பிறகு, உங்கள் கையை விட்டு, நடுத்தர வேகமுள்ள ஒருவருடைய கையைப் பத்து முறை அளந்து பாருங்கள். மேற்பார்வையாளர் எப்போதும் மற்றவரைவிடத் தேர்ந்தவராயிருப்பார். அவர் வேகத்தில் வைத்த இலக்கு மற்ற அறுவருக்கும் சுமை. கடிகாரத்தை மறைத்து வைத்து அளப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். எதற்காக அளக்கிறோம் என்று சொல்லிவிட்டு அளந்தால்தான் உண்மையான எண் கிடைக்கும்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் சரியாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்நாட்டு 1997ஆம் ஆண்டு வேலை நிபந்தனைச் சட்டப்படி வாரத்துக்குச் சாதாரண வேலை 45 மணிக்கு மேற்படக்கூடாது. ஐந்து மணி தொடர்ந்து உழைத்தால் சாப்பாட்டு இடைவேளை உண்டு. கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம். கூடுதல் நேரத்தில் முடித்துவிடலாம் என்று எழுதும் நாளின் செலவு சாதாரண நாளின் செலவாக இராது.

கேள்வி: மின்வெட்டு வரும் நாளில் நேரத்தை எப்படிக் கணக்கிடுவது? – ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: இரண்டு மணி நேர மின்வெட்டு இரண்டு மணி நேரத்தோடு முடியாது. அடுப்பின் எல்லா வெப்பப் பகுதிகளும் மறுபடி நிலைப்பட அரை மணி போல ஆகும். வெட்டு வந்த நொடியில் அடுப்பினுள் நின்றுபோன பலகைகள் வெந்து வீணாகலாம். சங்கிலியின் மோட்டாருக்கு மட்டுமாவது ஒரு சிறு யு.பி.எஸ். வைத்தால் உள்ளேயிருப்பவை வெளியே வந்துவிடும். பேஸ்ட் அச்சிட்டுப் பாகம் வைக்காமல் நெடுநேரம் காத்திருந்த பலகைகளைக் கழுவித்தான் மறுபடி அச்சிட வேண்டும். எனவே அறிவிக்கப்பட்ட வெட்டு நேரத்துக்கு முன்பே அச்சிடுவதை நிறுத்துங்கள். இரண்டு மணி வெட்டுக்கு மூன்று மணி என்று எழுதுங்கள். 2024 மார்ச் இறுதிக்குப் பின் இந்தத் தொல்லை பெரிதும் குறைந்தது. ஆனாலும் 2025இன் முற்பகுதியில் சில நாள் திரும்பி வந்து நமக்குத் தன்னை நினைவூட்டிச் சென்றது.

கேள்வி: டர்பனின் கோடை ஈரத்தால் பலகை வேலைக்கு நேரம் கூடுமா? – மெரிபேங்க் வாசகர்

பதில்: கூடும். ஈரத்தை உறிஞ்சும் ஐ.சி.க்கள் மூடிய உறையில் வருகின்றன. உறையில் ஈரம் தாங்கும் நிலை 3 என்று குறித்தவற்றை, 30 பாகை வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் மிகாத அறையில், உறை திறந்த 168 மணிக்குள் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். நம் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் குளிர்சாதனமில்லாத அறை 60ஐ எளிதாகத் தாண்டிவிடும். அப்போது அந்த 168 மணியை நம்ப முடியாது. ஈரமேறிய ஐ.சி.யை அப்படியே சூடாக்கினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி அதன் உடலைப் பிளக்கும். 125 பாகையில் உலர்த்தினால் வேலை விரைவில் முடியும். ஆனால் ரீலின் பிளாஸ்டிக் அந்தச் சூட்டைத் தாங்காது, ரீலோடு 40 பாகையில் உலர்த்தினால் நாள்கணக்கில் ஆகும். ஆகவே ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன், உறை எப்போது திறக்கப்பட்டது என்பதை வாடிக்கையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவர் அனுப்பிய பாகங்களை உலர்த்த ஆகும் நாட்களை உங்கள் தேதியிலிருந்து கழிக்காமல் அவருடைய தேதியோடு கூட்டுங்கள்.