பாக்கி கேட்டு வந்த பேய்: 1937இல் வந்த 'திபுக்'

கேள்வி: பேய் பிடிப்பதை வைத்து எடுத்த பழைய படங்களில், பலரும் பார்க்காமல் விட்டுவிட்ட நல்ல படம் ஒன்றைச் சொல்ல முடியுமா?

இந்த வகைப் படம் என்றாலே 1973இல் வந்த 'தி எக்சார்சிஸ்ட்' பெயர்தான் எல்லோர் வாயிலும் வரும். நான் சொல்லப்போவது அதற்கு 36 ஆண்டு முந்தியது. போலந்தில், அங்கிருந்த யூதர்கள் வீட்டில் பேசிய இத்திஷ் மொழியில், 1937இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பெயர் 'திபுக்'. இயக்கியவர் மிஹாவ் வாஷின்ஸ்கி. பேய் பிடிப்பதைப் பற்றி இதைவிட நியாயமான படத்தை நான் பார்த்ததில்லை. நியாயம் என்ற சொல்லை யோசித்துத்தான் போடுகிறேன்.

நான் காசிமேட்டில் வளர்ந்தவன். எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும்போது எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்குப் பேய் பிடித்தது. இரண்டாந்தாரமாக வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு வேறு குரலில் பேசுவார். பூசாரி உடுக்கையும் வேப்பிலையுமாக வந்தார். அடிப்பார், விரட்டுவார் என்று நாங்கள் பயந்துகொண்டு வாசலில் நின்றோம். அவர் முதலில் கேட்டது, "யாரும்மா நீ?" அடுத்துக் கேட்டது, "உனக்கு இன்னா வோணும்?"

அந்த வீட்டில் செத்துப்போன முதல் மருமகள் தான் என்று குரல் சொன்னது. தன் பிள்ளையின் கால் கொலுசை அடகு வைத்துவிட்டார்களாம். மறுநாள் காலையிலேயே மாமியார் அடகுக் கடைக்குப் போய்க் கொலுசை மீட்டு வந்தார். அக்காவும் சரியாகிவிட்டார். எங்கள் ஆயா அதற்குச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "அது கெட்டது இல்லடா. பாக்கி கேட்டு வந்துச்சு."

'திபுக்' படத்தின் கதையும் ஒரு பாக்கியில்தான் தொடங்குகிறது. சேந்தர், நிசன் என்று இரண்டு சிநேகிதர்கள். இருவர் மனைவியும் கர்ப்பம். ஒருவருக்கு ஆணும் மற்றவருக்குப் பெண்ணும் பிறந்தால் கட்டிவைப்போம் என்று கைபோட்டுச் சத்தியம் செய்கிறார்கள். நம் ஊரில் எத்தனை வீட்டில் கேட்ட பேச்சு இது! பிள்ளை பிறக்கப்போகிறது என்று வீட்டுக்கு விரைகிற நிசன் புயலில், தண்ணீரில் மூழ்கிச் சாகிறான். சேந்தரின் மனைவி பிரசவத்தில் போய்விடுகிறாள். சேந்தர் பணக்காரன் ஆகிறான், சத்தியத்தை மறக்கிறான். நிசனின் மகன் கானன் படிக்க வந்த இடத்தில் அந்த வீட்டிலேயே சாப்பிட நேர்கிறது. சேந்தரின் மகள் லேயாவும் அவனும் எதுவும் தெரியாமலேயே ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். அப்பா வசதியான இடத்தில் வரன் பேசி முடிக்க, கானன் மந்திர சக்திகளைக் கூப்பிடப்போய் உயிரை விடுகிறான்.

கல்யாணத்துக்கு முன் மணப்பெண் இடுகாட்டுக்குப் போய், இறந்த அம்மாவைக் கல்யாணத்துக்கு அழைக்க வேண்டும். லேயா போகிறாள். அம்மாவோடு கானனையும் அழைத்துவிட்டு வருகிறாள். அவனும் வருகிறான்.

இந்த இடத்தில் ஒரு நடனம் வருகிறது. படத்தை இதற்காகவே பார்க்கலாம். ஊர் வழக்கப்படி மணப்பெண் ஏழைகளோடு ஆட வேண்டும். கந்தல் கட்டிய பிச்சைக்காரர்கள் ஒவ்வொருவராக அவளை இழுத்துச் சுற்றுகிறார்கள். கூட்டம் விலகுகிறது. மண்டையோட்டு முகமூடியும் வெள்ளைத் துணியுமாக ஓர் உருவம் வந்து அவளோடு ஆடுகிறது. சாவுதான் அது. ஆடியவர் யூதித் பெர்க், படத்தின் நடனங்களை அமைத்தவரும் அவரே. ஆடிக்கொண்டிருக்கும்போதே லேயாவுக்கு அந்த முகத்தில் கானன் முகம் தெரிகிறது. பயந்து விலக வேண்டியவள் இன்னும் நெருங்குகிறாள்.

எங்கள் பக்கத்தில் மாசி மாதம் மயானக்கொள்ளை நடக்கும். முகத்தில் சாயம் பூசி, நாக்கை நீட்டிக்கொண்டு அம்மன் வேடத்தில் ஆட்கள் சுடுகாட்டுக்குப் போவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த நடனம் அந்நியமாகவே இல்லை. சாவு வீட்டில் விடிய விடியக் கானா பாடுகிற ஊர் எங்களுடையது. கல்யாணத்தில் சாவு ஆடினால் என்ன ஆகும் என்பது எங்கள் ஆட்களுக்கு உடனே புரியும்.

தாலி கட்டுகிற நேரம் மாதிரியான ஒரு நேரத்தில் லேயாவின் வாய் வழியே கானன் பேசுகிறான். திபுக் என்ற சொல்லுக்கே வேர் 'ஒட்டிக்கொள்வது' என்ற பொருள் உள்ள எபிரேயச் சொல். நாம் பிடித்திருக்கிறது என்கிறோம். ஆசைப்படுவதற்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். லேயா விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான்.

பெண்ணை ஒரு வயதான மதகுருவிடம் கூட்டிப்போகிறார்கள். இனிமேல் பேயோட்டும் சண்டை என்றுதான் நானும் நினைத்தேன். அவர் வழக்கு மன்றம் கூட்டுகிறார். செத்துப்போன நிசனை அழைத்து, அவன் தரப்பைக் கேட்கிறார். கொடுத்த வாக்கை மீறியதால் என் பிள்ளை போனான், என் வம்சம் அற்றுப்போனது, எனக்காகப் பிரார்த்தனை சொல்லக்கூட ஆள் இல்லை என்கிறது செத்தவன் தரப்பு. சேந்தர் தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும், செத்த இருவருக்கும் ஆண்டுதோறும் பிரார்த்தனை சொல்ல வேண்டும் என்று தீர்ப்பு. அதற்குப் பிறகுதான் பேயை வெளியேறச் சொல்கிறார்கள். அப்புறம் நடப்பதை நான் சொல்லவில்லை, நீங்களே பாருங்கள்.

இது எல்லாம் ஒருவர் உட்கார்ந்த இடத்தில் கற்பனை செய்தது அல்ல. இந்தப் படம் ஒரு நாடகத்திலிருந்து வந்தது. அந்த மூல நாடகத்தை எழுதிய அன்ஸ்கி 1912 முதல் 1914 வரை, இன்றைய உக்ரைன் பகுதியில் ஊர் ஊராகப் போய் யூதர்களின் கதைகளையும் பாட்டுகளையும் சேகரித்தவர். அவர் இறந்த முப்பதாம் நாள் துக்கம் முடிந்தபோது, 1920 டிசம்பரில், வார்சாவில் நாடகம் முதன்முதலாக மேடையேறியது. படத்தின் வெளிப்புறக் காட்சிகளுக்கு விஸ்துலா ஆற்றங்கரையில் உள்ள காசிமியேஷ் டோல்னி என்ற ஊருக்குப் போனார்கள். காசிமேட்டுக்காரனுக்கு அந்தப் பெயர் எப்படி மறக்கும்?

குறை இல்லாமல் இல்லை. முதல் பாதி மெதுவாகப் போகிறது, சிலர் மேடையில் நிற்பது போலவே நடிக்கிறார்கள். அரைமணி நேரம் பொறுங்கள். வெளுத்துப்போன பிரதிகளும் இணையத்தில் சுற்றுகின்றன. மீட்டெடுத்த பிரதியாகத் தேடிப் பாருங்கள், வெளிச்சமும் இருட்டும் அதில்தான் தெரியும்.

நான் இதை ஆயாவோடு மடிக்கணினியில் பார்த்தேன். எழுத்து ஓட ஓட நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். தீர்ப்பு வந்ததும் ஆயாவுக்குக் கோபம். "பாதி சொத்தா? ரெண்டு புள்ளைங்க வாழ்க்கைக்கு அது ஈடாவுமா?" என்றார். படமும் அதையேதான் நினைக்கிறது என்பது என் எண்ணம்.

படத்தில் கோயில் பாட்டுப் பாடுகிறவர் கெர்ஷோன் சிரோத்தா, அந்தக் காலத்தில் பெரும் புகழ் பெற்ற பாடகர். 1943இல் வார்சா கெட்டோவில், அதாவது நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதியில், இறந்தார். படத்தில் நாம் பார்க்கிற அந்த ஊர்களின் யூத வாழ்க்கையே அடுத்த ஆறேழு ஆண்டுகளில் நாஜிகளால் அழிக்கப்பட்டது. இதைச் சொன்னபோது ஆயா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பொண்ணும் புள்ளையும் இன்னா ஆனாங்க?" என்று கேட்டார். லேயாவாக நடித்த லிலி லிலியானாவும் கானனாக நடித்த லியோன் லீப்கோல்டும் நிஜத்திலும் கணவன் மனைவி. 1939இல் போர் தொடங்கியபோது அமெரிக்காவில் இருந்ததால் தப்பித்தார்கள் என்றேன்.

"சரி, அந்தப் பாட்டை இன்னொரு வாட்டி போடு" என்றார்.