பொடி எழுத்தில் தமிழ்நாடு

அன்புள்ள ஐயா,

போன வாரம் என் மகள் (ஆறாம் வகுப்பு) சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்து, உள்பக்கம் அச்சிட்டிருந்த எண்ணை என் போனில் அடிக்கப் போனாள். பைக் பரிசாம். எதற்கும் இருக்கட்டும் என்று பொடி எழுத்தைப் படித்தேன். 'தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது' என்று இருந்தது. 'நம்ம ஊருக்கு மட்டும் ஏம்ப்பா இல்ல?' என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் ஒன்று கிளம்பிவிட்டது. எண்பதுகளின் கடைசியில் ஒரு மிட்டாய்க் கம்பெனி, ஐம்பது மிட்டாய்த் தாள் அனுப்பினால் வாட்டர் கலர் பெட்டி என்று விளம்பரம் செய்தது. பள்ளிக்கூட வாசல், சினிமா கொட்டகை, கல்யாண மண்டபத்துப் பின்பக்கம் என்று ஓர் இடம் விடாமல் பொறுக்கிச் சேர்த்துப் பம்பாய்க்கு அனுப்பினேன். தபால் தலைக்குக் கொடுத்த காசை அம்மா இன்றும் சொல்லிக் காட்டுவார். பெட்டி வரவே இல்லை. பிள்ளைகளை ஏமாற்றத்தான் இதையெல்லாம் நடத்தினார்களா? நீங்கள் சேர்த்ததுண்டா? இப்போது வழக்குப் போட முடியுமா என்றும் ஒரு நப்பாசை.

எஸ்., திருச்சி

*

அன்புள்ள எஸ்.,

முதலில் மகளின் கேள்வி. கம்பெனிக்காரர்களுக்கு நம்மேல் ஓரவஞ்சனை ஒன்றும் கிடையாது, இது நம் சட்டசபை செய்த வேலை என்று அவளிடம் சொல்லுங்கள். தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் (தடை) சட்டம், 1979. எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது வந்தது. பொருள் வாங்கியவர்களில் சிலரைக் குலுக்கலிலோ அதைப் போன்ற வேறு வழியிலோ பொறுக்கி எடுத்து, பணமோ பொருளோ நிலமோ தருகிறேன் என்று யாரும் திட்டம் நடத்தக் கூடாது என்பது அதன் சாரம். சிப்ஸ் பாக்கெட்டில் பைக் என்றால் லட்சக்கணக்கான பாக்கெட்டுகளுக்கு நடுவே யாரோ ஒருவருக்கு விழும். இங்கே அது குற்றம். நாடு முழுவதற்கும் ஒரே பாக்கெட்டை அச்சடிக்கிறவர்கள், மூலையில் அந்த ஒரு வரியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. 1968இல் அரசாங்கமே பரிசுச் சீட்டு விற்கத் தொடங்கிய மாநிலம் இது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று அதற்கு ஒரு சமாதானமும் இருந்தது. சோப்புக் கம்பெனி குலுக்கல் நடத்தக் கூடாது என்று சட்டம் வந்த பிறகும், பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி வைத்து 'நாளைய லட்சாதிபதி நீங்களே' என்று கூவிக்கொண்டுதான் இருந்தார்கள். லாட்டரிக்கு முழுத் தடை வந்தது 2003இல். அதுவரைக்கும் அதிர்ஷ்டத்தை மேசை போட்டு விற்கலாம், பிஸ்கட்டோடு சேர்த்து விற்கக் கூடாது.

உங்கள் வாட்டர் கலர் பெட்டி இந்தச் சட்டத்துக்குள் வராது. அங்கே குலுக்கலே இல்லையே. ஐம்பது தாள் கொடுத்தால் ஒரு பெட்டி. பெரிய வீட்டுப் பையன் அனுப்பினாலும் அதே கணக்குத்தான், நீங்கள் அனுப்பினாலும் அதே கணக்குத்தான். நான் அதைப் பரிசு என்றே சொல்ல மாட்டேன். அது கூலி. கையில் காசு புழங்காத வயதில், தெருத்தெருவாகக் குனிந்து நிமிர்ந்து, தன் உழைப்பால் ஒரு பொருளைச் சம்பாதிக்கப் பிள்ளைகளுக்குக் கிடைத்த ஒரே வழி. ஐம்பதாவது தாள் கையில் ஏறியபோது உங்களுக்கு வந்திருக்கும் கர்வம், சீட்டு விழுந்தவனுக்கு வருகிற மகிழ்ச்சியோடு சேராது என்று நினைக்கிறேன்.

நான் சேர்த்தேனா என்று கேட்கிறீர்கள். கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் சேர்க்காமல் இருந்தால்தான் அதிசயம். எங்கள் ஊரில் தீப்பெட்டிப் படம்தான் முதல் செல்வம். வீட்டுக்கு வீடு தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்த ஊர் என்பதால் லேபிளுக்குப் பஞ்சமே கிடையாது. அதனாலேயே உள்ளூர் லேபிளுக்கு மதிப்பும் கிடையாது. அடுத்தது சிகரெட் அட்டை. சார்மினார் அட்டை டீக்கடை வாசலில் மிதிபடும், ஆகவே அடிமட்டம். சிசர்ஸ் அதற்கு மேலே. வில்ஸ் அதற்கும் மேலே. யாராவது சிங்கப்பூரிலிருந்து வந்து போட்டுவிட்டுப்போன வெளிநாட்டுப் பாக்கெட் ஒன்று கிடைத்துவிட்டால், அதை வைத்திருப்பவன்தான் ஒரு வாரத்துக்குத் தெருவுக்கே முதலாளி. இந்த விலையையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை. எது அரிதோ அது ஒசத்தி என்று ரிசர்வ் வங்கியின் உதவி இல்லாமல் நாங்களே நடத்தினோம். பிறகு கம்பெனிகள் கடைக்குள் கொண்டுவந்ததும் இதே விளையாட்டைத்தான். பிக் ஃபன் பபுள்கம்மில் கிரிக்கெட் ஆட்டக்காரர் படமும் ரன்னும் வந்தது. மேகி உறைகளை அனுப்பினால் விளையாட்டுச் சாமான் தபாலில் வந்தது. 1999 உலகக் கோப்பைக்கு முன்னால் பிரிட்டானியா பிஸ்கட் உறையில் ரன் அச்சடித்து, நூறு ரன் சேர்த்தால் ஒரு சிறு புத்தகம், அதற்குள் சுரண்டிப் பார்க்க ஓர் அட்டை, அதிர்ஷ்டம் இருந்தால் இங்கிலாந்துப் பயணம் என்று அறிவித்தது. கூலியில் தொடங்கி லாட்டரியில் முடிகிற திட்டம் அது. பிஸ்கட்டைக் கண்டாலே ஓடுகிற பிள்ளைகள்கூட அந்தக் கோடையில் காப்பியில் முக்கி முக்கித் தின்றார்கள்.

இன்னொரு வகையை நீங்கள் மறந்துவிட்டீர்கள். இரண்டு உறையோடு ஒரு வாசகத்தையும் பூர்த்தி செய்து அனுப்ப வேண்டும். 'எனக்கு இந்தச் சோப்பு பிடிக்கும், ஏனென்றால்...' அதற்குப் பிறகு பத்துச் சொல்லுக்கு மிகாமல், பெரும்பாலும் ஆங்கிலத்தில். இது எதற்கென்று அப்போது எனக்குப் புரியவில்லை. குலுக்கல் என்றால் சட்டம் பிடிக்கும். திறமைக்குப் பரிசு என்றால் பிடிக்காது. அந்தப் பத்துச் சொல், சட்டத்துக்குக் கட்டிய வேலி. எங்கள் தெருவில் எல்.ஐ.சி.யில் வேலை பார்த்த ஒருவர் இதில் கெட்டிக்காரர். எதுகை மோனையோடு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பார். சோப்பு, டீத்தூள், பற்பசை எதுவானாலும் பெண்கள் உறையோடு அவர் வீட்டுத் திண்ணையில் காத்திருப்பார்கள். அவர் வீட்டில் மட்டும் இரண்டு பிரஷர் குக்கர் இருந்தன. அவர் மனைவி அந்தச் சோப்பைத் தொட்டதே இல்லை என்பது ஊரறிந்த ரகசியம்.

இந்த வியாபாரத்தின் தொடக்கம் நியூயார்க்கில் இருக்கிறது. 1851 வாக்கில் பாபிட் என்ற சோப்புக்காரர், கட்டியாக அறுத்து விற்ற சோப்பைத் தனித்தனியாக உறை போட்டு விற்கத் தொடங்கினார். தாளுக்கும் சேர்த்துக் காசு பிடுங்குகிறான் என்று சனங்கள் வாங்க மறுத்தார்களாம். உடனே, உறையைச் சேர்த்துக் கொண்டுவந்தால் வண்ணப் படம் தருகிறேன் என்றார். குப்பைக்கு விலை வந்தது அப்படித்தான். 1909இல் கெல்லாக் கம்பெனி, கார்ன் ஃபிளேக்ஸ் பெட்டி இரண்டு வாங்கினால் பிள்ளைகளுக்கு விலங்குப் படப் புத்தகம் என்றது. அதற்குப் பிறகு அமெரிக்கப் பிள்ளைகளின் காலைச் சாப்பாடு பெட்டியின் மேல்மூடியை அறுப்பதில்தான் முடிந்தது. 1947இல் கிக்ஸ் என்ற தானியப் பெட்டியின் மூடியோடு 15 சென்ட் அனுப்பினால் 'அணுகுண்டு மோதிரம்' வந்தது. உள்ளே துளியளவு பொலோனியம். இருட்டில் கண்ணருகே வைத்துப் பார்த்தால் மினுக் மினுக் என்று பொறி தெரியும். ஹிரோஷிமா நடந்து இரண்டே வருடம் ஆகியிருந்தது. கதிரியக்கப் பொருளைப் பிள்ளையின் விரலில் மாட்டிவிட்ட அந்தக் கம்பெனியை நினைத்தால், உங்கள் மிட்டாய்க்காரர்கள் மகாத்மாக்கள்.

எனக்கு மிகப் பிடித்தது 1955இல் குவேக்கர் ஓட்ஸ் செய்தது. கனடாவின் வடகோடியில், யூகான் ஆற்றங்கரையில் 19.11 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். தங்கள் தானியப் பெட்டியோடு சேர்த்து, ஆளுக்கு ஒரு சதுர அங்குலம் உங்களுக்கு என்று பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். முத்திரையும் பூவேலையும் வைத்த அழகான பத்திரம். மொத்தம் இரண்டு கோடியே பத்து லட்சம். நம்மூர்க் கணக்கில் ஒரு சென்ட் நிலத்தில் 62,000 பட்டாதாரர்கள்! ஒரு பையன் நான்கு பல்குத்தும் குச்சியை அனுப்பி, என் நிலத்துக்கு வேலி போட்டுவிடுங்கள் என்று எழுதினானாம். ஆனால் ஒரு பத்திரம்கூட முறைப்படி பதிவாகவில்லை. கடைசியில் 37 டாலர் 20 சென்ட் வரிபாக்கிக்காக 1965இல் கனடா அரசு நிலத்தையே எடுத்துக்கொண்டது. பத்திரத்தோடு வளர்ந்தவர்கள் பல வருடம் கழித்தும், என் நிலம் இப்போது என்ன விலை போகும் என்று எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இது ஏமாற்றா? எட்டு வயதில் ஒருவன் நிலச்சுவான்தாராக ஒரு வருடம் நடமாடியிருக்கிறான். ஓட்ஸ் விலைக்கு அது கொள்ளை மலிவு. பதிவு செய்யாமல் விட்டது மட்டும் அயோக்கியத்தனம், அதில் சந்தேகமில்லை.

கம்பெனிகளுக்கு உண்மையான லாபம் எங்கே என்பதையும் சொல்லிவிடுகிறேன். சேர்க்கத் தொடங்குகிற பத்துப் பிள்ளைகளில் பலர் பாதியில் விட்டுவிடுவார்கள். முப்பது தாள், முப்பத்தைந்து தாள், பிறகு பள்ளிக்கூடம் திறந்துவிடும், இல்லையென்றால் அம்மா கூட்டித் தள்ளிவிடுவாள். வாங்கின மிட்டாய் வாங்கினதுதான், பெட்டி கொடுக்கவும் வேண்டாம். 'இருப்பு உள்ளவரை மட்டும்' என்ற வரி இருக்கிறதே, அதுதான் இதில் எனக்குப் பிடிக்காதது. எத்தனை இருப்பு என்று எந்த விளம்பரமும் சொன்னதில்லை. உங்கள் ஐம்பது தாள் பம்பாய் போய்ச் சேரும் முன்பே அந்த வரி உங்கள் பெட்டியை விழுங்கியிருக்கலாம்.

இதையெல்லாம் தாண்டிய இடத்தில்தான் உண்மையான ஆபத்து. பிலிப்பைன்சில் 1992இல் பெப்சி, பாட்டில் மூடிக்குள் எண் அச்சடித்துப் பணப்பரிசு நடத்தியது. பெரிய பரிசு பத்து லட்சம் பெசோ. மே 25ஆம் தேதி தொலைக்காட்சியில் 349 என்று அறிவித்தார்கள். அந்த எண் தவறுதலாக லட்சக்கணக்கான மூடிகளில் அச்சாகியிருந்தது. ஒரே இரவில் ஊரெல்லாம் லட்சாதிபதிகள். விடிந்தால் கிடையாது என்கிறார்கள். ஆறுதல் தொகையாக 500 பெசோ தருகிறோம் என்றார்கள். கலவரம் வந்தது, லாரிகள் எரிந்தன, உயிர்களும் போயின. வழக்கு 2006 வரை இழுத்து, கம்பெனி பக்கம் தீர்ந்தது. 1979 சட்டத்தைப் பற்றி யாராவது கிண்டலாகப் பேசினால் எனக்கு அந்த மூடிகள் ஞாபகம் வரும். நம்மூர்ச் சட்டம் பிள்ளைகளின் ஆசையில் மண்ணைப் போடுகிறது என்று உங்கள் மகள் நினைப்பதில் நியாயம் உண்டு. ஆனாலும் நான் சட்டத்தின் கட்சி.

இன்னொன்று. நீங்கள் அனுப்பியது வெறும் தாள். உங்கள் மகள் பாக்கெட் எண்ணை அடித்து அனுப்பியிருந்தால், கூடவே உங்கள் போன் எண்ணும் போயிருக்கும். பைக் யாருக்கு விழுந்தாலும், அந்த எண் மட்டும் எல்லோரிடமிருந்தும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அமெரிக்காவில் பெட்டி மேல்மூடிக்குப் பத்து சென்ட் வீதம் பள்ளிக்கூடத்துக்குப் பணம் தரும் திட்டத்தை ஜெனரல் மில்ஸ் 1996இல் தொடங்கியது. அதற்கும் இப்போது கத்திரிக்கோல் தேவையில்லை, கடை ரசீதைப் போனில் படமெடுத்தால் போதும். வீட்டில் என்ன வாங்குகிறார்கள் என்ற கணக்கு முழுவதும் கம்பெனிக்குப் போகிறது. தாளைப் பொறுக்கினால் கை மட்டும்தான் அழுக்காகும்.

கடைசியாக உங்கள் நப்பாசை. பரிசு தருகிறேன் என்று சொல்லித் தரும் எண்ணமே இல்லாமல் விளம்பரம் செய்வது முறையற்ற வணிகம் என்று 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருந்தது, 2019 சட்டத்திலும் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே மனு எழுதிக் கொடுக்கலாம், வக்கீல் வேண்டியதில்லை. ஆனால் சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மன்னிப்பார்கள். அம்மா தபால் தலைக் காசைத் திரும்பத் திரும்பக் கேட்டதால் மனம் ஒடிந்து முப்பத்தைந்து வருடம் வெளியே வரவில்லை என்று எழுதிப் பாருங்கள். மனுவின் பிரதி ஒன்றை எனக்கும் அனுப்புங்கள்.